நிற்கத் தெரிந்த அதிர்வு

காது கேளாத ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டுமானால் தொட்டுத்தான் எழுப்ப வேண்டும். கதவைத் தட்டினாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், போன் அடித்தாலும் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லாதபோது அந்த வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்யலாம். மணிக்கட்டுப் பட்டையிலோ தலையணைக்கு அடியிலோ இருந்துகொண்டு அது அதிரும். இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவர்களில் பலருக்கு இப்படி ஒரு கருவி அன்றாடத் தேவை.

வெளியூரில் இருக்கும் மகள் தன் போனில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்த, இங்கே அப்பாவின் மணிக்கட்டில் அதிர்வு உண்டாகும்படி செய்ய முடியும். அதற்கான பாகங்கள் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மின்னணுவியல் படிக்கும் மாணவர் ஒருவர் சில வார இறுதிகளில் செய்து முடித்துவிடலாம். மோட்டார் அதிர்ந்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் வேலை தொடங்குகிறது. தொலைவிலிருந்து விளக்கைப் போடுவது வேறு, இது வேறு. இது ஒரு மனிதரின் உடம்பைத் தொடுகிறது. இணைப்பு அறுந்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மின்கட்டணம் கூடும், அவ்வளவுதான். உறங்கும் ஒருவரின் கையில் மோட்டார் நிற்காமல் ஓடினால் அந்தக் கருவியை அவர் மறுபடி அணிய மாட்டார். ஆகவே அதிர்வதற்கு முன்னால் கருவி நிற்கத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தும் அதிகாரம் அதை அணிந்திருப்பவரிடம் இருக்க வேண்டும். தோலில் தொடங்கி இணையப் பக்கம் வரை ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

தோல் எதை உணர்கிறது?

நம் தோலில் தொடுதலை உணர நான்கு வகை உணர்விகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, அழுத்தத்தையும் தோல் இழுபடுவதையும் கவனிக்கின்றன. மற்ற இரண்டும் அசைவைக் கவனிப்பவை. நொடிக்குப் பத்து முதல் ஐம்பது முறை வரை நடுங்கும் மெதுவான அசைவை மெய்ஸ்னர் உணர்விகள் பிடிக்கும். அதைவிட வேகமான அதிர்வு பாச்சீனி உணர்விகளின் வேலை. இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபிலிப்போ பாச்சீனி 1830-களில் இவற்றை அடையாளம் கண்டார். அடுக்கடுக்கான உறைகள் சூழ்ந்த இந்த உணர்வி ஒரு மில்லிமீட்டர் வரை வளரும், வெறும் கண்ணுக்கே தெரியும்.

பாச்சீனி உணர்விகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் மிகக் கூர்மையாக இருக்கின்றன. அந்த வேகத்தில் விரல் நுனியின் தோல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அசைந்தால்கூட நமக்குத் தெரிந்துவிடும். போன் அதிர்வுகள் பெரும்பாலும் இந்த வேகத்தை ஒட்டியே அமைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உணர்விகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. மாற்றம் நடக்கும் கணத்தில்தான் அவை உரக்கச் சொல்லும். ஒரே சீரான அதிர்வு தொடர்ந்தால் உணர்வு மங்கிவிடும். அரை நொடி அதிர்ந்து, கொஞ்சம் நின்று, மறுபடி அதிர்வதுதான் தூங்குபவரை எழுப்பும். ஆக, இடைவெளி விட்டு நிற்பது நாகரிகம் மட்டுமல்ல, உடலியல் படியும் அதுவே சரியான முறை.

எடை ஒரு பக்கம்

மலிவான அதிர்வு மோட்டாரின் உள்ளே இருப்பது சாதாரண விஷயம்: சுழலும் அச்சில் ஒரு பக்கம் மட்டும் எடை. சுழலும்போது அந்த எடை மோட்டாரையே இழுத்து உலுக்குகிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள காயின் மோட்டார் 3 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும். நொடிக்கு 200 சுற்று, அதாவது 200 ஹெர்ட்ஸ். பாச்சீனி உணர்விகளின் கூர்மையான எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இணையப் பக்கத்தில் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஸ்லைடர் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தத்தைக் குறைத்தால் மோட்டாரின் வேகம் குறையும். உலுக்கும் விசையோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். வேகத்தோடு அதிர்வெண்ணும் இறங்கி, தோல் கூர்மையாக உணரும் எல்லையை விட்டுப் போய்விடும். இன்னும் கீழே இறக்கினால் மோட்டார் சுழலவே தொடங்காது, சும்மா மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு நிற்கும். எனவே ஸ்லைடரின் 1 முதல் 100 வரையான எண்களை மோட்டார் உண்மையில் சுழலும் எல்லைக்குள் பொருத்த வேண்டும். மெல்லிய அதிர்வு வேண்டுமென்றால் முதல் சில பத்து மில்லி நொடிகள் முழு வலிமை கொடுத்துக் கிளப்பிவிட்டு, பிறகு குறைக்க வேண்டும்.

விலை கூடிய போன்களில் இருப்பது வேறு வகை. அதில் ஸ்பிரிங்கில் பொருத்திய எடை முன்னும் பின்னும் ஓடும். 2015-இல் வந்த ஆப்பிள் வாட்ச் இந்த வகையைப் பரவலாக அறிய வைத்தது. இது சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். காயின் மோட்டார் வேகம் பிடிக்கவும் ஓய்வுக்கு வரவும் அதிக நேரம் எடுக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் எடை சற்று நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். எழுப்பும் வேலைக்கு அது போதும். விரலால் தாளம் தட்டுவதை அப்படியே கடத்த வேண்டுமானால் போதாது.

பின்னுக்கும் மோட்டாருக்கும் நடுவே

மோட்டாரை இயக்கும் மூளையாக இஎஸ்பி32 போர்டை எடுத்துக்கொள்வோம். வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே இருக்கும் இந்த சிப்பை ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. இதன் பின் ஒன்றில், அதாவது வெளியே நீட்டியிருக்கும் இணைப்புமுனையில், மோட்டாரை நேராக இணைப்பதுதான் முதன்முறை செய்பவர்கள் விழும் குழி. பின் தாங்கும் உச்ச மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர். காயின் மோட்டார் ஓடும்போதே அதைப்போல் இரு மடங்குக்கு நெருக்கமாக இழுக்கும், கிளம்பும்போது அதைவிடக் கூடுதலாக. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். பின் டிரான்சிஸ்டருக்குச் சைகை மட்டும் காட்டும், மோட்டாருக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வரும்.

மோட்டார் ஒரு கம்பிச்சுருள். மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்தில் எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத் துடிப்பை அது உமிழும். டிரான்சிஸ்டரைக் கெடுக்கக்கூடிய அந்தத் துடிப்பை வடித்துவிட மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு வைக்க வேண்டும். டயோடின் கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் இருக்க வேண்டும்.

அடுத்து வருவது அற்ப விலைப் பாகம், ஆனால் இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது. டிரான்சிஸ்டரின் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட வேண்டும். போர்டுக்கு மின்சாரம் வந்து, நிரல் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய சிறு இடைவெளியில் பின்னுக்கு எந்த உத்தரவும் இல்லை. அது அந்தரத்தில் நிற்கும். இந்த மின்தடை இருந்தால் அந்த நேரத்தில் மோட்டார் அணைந்தே இருக்கும். பின்னைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் இஎஸ்பி32-இன் சில பின்கள் போர்டு எழும்போது தாமாகவே உயர்நிலைக்குப் போய்விடுகின்றன. இது ஏட்டுச் சிக்கல் இல்லை. வைஃபை அனுப்பும் நேரத்தில் சிப் சட்டென்று அதிக மின்சாரம் இழுக்கும். அதே கணத்தில் மோட்டாரும் கிளம்பினால் மின்னழுத்தம் சரிந்து போர்டு தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். அப்படி ஆகும் ஒவ்வொரு முறையும் மோட்டார் அமைதியாக இருப்பதை அந்த மின்தடை பார்த்துக்கொள்ளும்.

பிரவுசரிலிருந்து மணிக்கட்டுக்கு

வீட்டு வைஃபைக்குள் இருக்கும் கருவியை வெளியிலிருந்து யாரும் நேராகக் கூப்பிட முடியாது. உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பை ரூட்டர் விடும், வெளியிலிருந்து அழைக்காமல் வருவதை விடாது. அதனால் கருவியும் பிரவுசரும் இணையத்தில் இருக்கும் ஒரு சர்வருக்குத் தாமாகப் போய் இணைந்துகொள்கின்றன. சர்வர் இரண்டுக்கும் நடுவில் செய்தியைக் கைமாற்றுகிறது.

ஒவ்வொரு நொடியும் சர்வரிடம் போய் ‘ஏதாவது வந்ததா’ என்று கேட்பது பழைய வழி. 2011-இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட், ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் வைத்து இரு பக்கமும் பேச விடுகிறது. இதே வேலைக்கு எம்க்யூடிடி என்ற முறையும் உண்டு. பாலைவனங்களைக் கடந்து போகும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் அதை உருவாக்கினார்கள்.

தாமதம் எவ்வளவு? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். சிங்கப்பூரில் அழுத்திய பட்டனின் சைகை அந்தக் கேபிளைக் கடக்க 16 மில்லி நொடி போதும். செல்போன் கோபுரம், சர்வர், வைஃபை, மோட்டார் வேகம் பிடிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தாலும் நல்ல இணைப்பில் கால் நொடிக்குள் அடங்கிவிடும். இணைப்பு எப்போதும் நன்றாக இருப்பதில்லை என்பதுதான் விஷயம்.

தன் முடிவைத் தானே சுமக்கும் கட்டளை

எல்லோரும் முதலில் எழுதும் நிரல் ஒன்று உண்டு. பட்டனை அழுத்தினால் ‘தொடங்கு’ என்று ஒரு செய்தி, விட்டால் ‘நிறுத்து’ என்று ஒரு செய்தி. மேசையில் வைத்துப் பார்க்கும்போது அழகாக வேலை செய்யும். மகள் ரயிலில் போகிறார், பட்டனை அழுத்துகிறார், ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. ‘தொடங்கு’ போய்ச் சேர்ந்தது, ‘நிறுத்து’ போகவில்லை. இணைப்பு போனதை சர்வர் கண்டுபிடித்துக் கருவிக்குச் சொல்லட்டும் என்று விடலாமா? எம்க்யூடிடியில், இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்டும் உயிர்ச்சைகையின் இடைவெளியை 60 நொடியாக வைத்தால், அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 90 நொடி கழித்துத்தான் எதிர்முனை போய்விட்டது என்று சர்வர் முடிவு செய்யும். ஒன்றரை நிமிடம் மணிக்கட்டு அதிர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு கோளாறு இதைவிட நுட்பமானது. வெப்சாக்கெட்டின் அடியில் இருக்கும் டிசிபி எதையும் தொலைக்காது, வரிசை மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோப்பு அனுப்ப அது வரம். இங்கே அதுவே தொல்லை. இணைப்பு பத்து நொடி திக்கித் திணறிவிட்டு மீண்டால், அந்தப் பத்து நொடியில் அழுத்திய அத்தனை கட்டளைகளும் ஒரே மூச்சில் வந்து கொட்டும். எம்க்யூடிடியில் செய்தியைத் தக்கவைக்கும் வசதியைத் தெரியாமல் இயக்கியிருந்தால், கருவி எப்போது இணைந்தாலும் கடைசிக் கட்டளையை சர்வர் மறுபடி ஊட்டும். நேற்று மாலை அனுப்பிய அதிர்வு இன்று விடியற்காலை மூன்று மணிக்கு வரும்.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: தன் முடிவைத் தானே சுமக்காத கட்டளையை அனுப்பக் கூடாது. ‘வலிமை 60, காலம் 500 மில்லி நொடி, வரிசை எண் 1042’ என்று செய்தி போக வேண்டும். காலம் முடிந்ததும் வேறு யாரும் சொல்லாமலே கருவி தானாக நிற்கும். வரிசை எண் முன்னதைவிடக் குறைந்தால் கட்டளை தள்ளுபடி. பழசா புதுசா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. கருவி தன் கடிகாரத்தின் எண்ணை இணையப் பக்கத்துக்கு அடிக்கடி அனுப்பும். பக்கம் தான் கடைசியாகப் பார்த்த எண்ணைக் கட்டளையோடு சேர்த்துத் திருப்பி அனுப்பும். வித்தியாசம் ஒரு நொடிக்கு மேல் போனால் அது பழங்கட்டளை, கருவி அதைத் தொடவே தொடாது. இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒன்றாக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரவுசர்களின் தரநிலையை எழுதியவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். இணையப் பக்கம் ஒன்று போனை அதிர வைப்பதற்கான தரநிலை 2015-இல் வந்தது. அதில் ‘தொடங்கு’ என்று சொல்ல வழியே இல்லை. எத்தனை மில்லி நொடி என்று சொல்லித்தான் அதிர வைக்க முடியும். பக்கம் திரையிலிருந்து மறைந்தால் அதிர்வும் நின்றுவிட வேண்டும். மோட்டாரும் போர்டும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆண்ட்ராய்டு போனில் குரோம் பிரவுசரைத் திறந்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஐபோனின் சஃபாரியில் இந்த வசதி கிடையாது.

பிடித்திருக்கும் வரை மட்டும்

சில நேரம் விரல் அழுத்தியிருக்கும் வரை அதிர வேண்டும் என்ற தேவை வரும். அதற்கு நம் புறநகர் மின்சார ரயிலின் ஓட்டுநர் அறையில் விடை இருக்கிறது. ஓட்டுநர் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் வண்டி ஓடும். அவர் மயங்கிக் கை தளர்ந்தால் பிரேக் தானாக விழும். ஓட்டுநர் இருக்கிறார் என்பதற்கான சான்றை வண்டி தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நம் கருவிக்கும் அதே ஒழுங்கு. விரல் பட்டனில் இருக்கும் வரை இணையப் பக்கம் 200 மில்லி நொடிக்கு ஒருமுறை ‘இன்னும் 500 மில்லி நொடி’ என்று கட்டளையைப் புதுப்பிக்கும். ஒன்று தவறினாலும் அடுத்தது வந்து காப்பாற்றும். தொடர்ந்து தவறினால் அரை நொடியில் மோட்டார் அடங்கும். பக்கத்தை மூடினாலும், போனில் வேறு அழைப்பு வந்தாலும், பேட்டரி செத்தாலும், சர்வர் விழுந்தாலும் விளைவு ஒன்றே. பின்னணிக்குப் போன பக்கத்தின் கடிகாரத்தை பிரவுசர்கள் நொடிக்கு ஒருமுறையாக மந்தப்படுத்துகின்றன. இந்த அமைப்பில் அதுவும் நல்லதற்கே: புதுப்பிப்பு தாமதமாகும், அதிர்வு தொடராமல் இடையிடையே அறுபடும்.

இதற்கு மேலும் இரண்டு காவல் வேண்டும். எத்தனை முறை புதுப்பித்தாலும் தொடர்ச்சியாக இத்தனை நொடிக்கு மேல் ஓடாது என்ற உச்சவரம்பைக் கருவியின் நிரலிலேயே எழுத வேண்டும். அடுத்து, மோட்டாருக்குப் போகும் கம்பியையே துண்டிக்கும் ஒரு சிறிய ஸ்லைடு சுவிட்ச் பட்டையின் மேல் இருக்க வேண்டும். நிரல் உறைந்துபோனாலும், கடவுச்சொல் களவு போனாலும், அணிந்திருப்பவர் கட்டைவிரலால் தள்ளினால் அது நிற்கும்.

எழுப்பத் தவறினால்?

நிற்பதையே பேசிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டிய நேரத்தில் எழுப்பாமல் போகாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, மோட்டாரை நிற்காமல் ஓட விடுவதில் இல்லை. அனுப்பியவருக்கு உண்மையைச் சொல்வதில் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் பச்சை நிறமாகும் பக்கம், செய்தி கிளம்பியதை மட்டுமே காட்டுகிறது. கருவி கட்டளையைப் பெற்று இயங்கிய பிறகு திருப்பி அனுப்பும் பதிலைக் கண்ட பின்பே ‘அதிர்ந்தது’ என்று காட்ட வேண்டும். பட்டையில் ஒரு முடுக்கமானி சிப்பையும் சேர்த்துவிட்டால் மோட்டார் உண்மையிலேயே குலுங்கியதா என்பதையும் அது அளந்து சொல்லும். கம்பி அறுந்த மோட்டாருக்கும் ஓடும் மோட்டாருக்கும் நிரலளவில் வேறுபாடு தெரியாது, முடுக்கமானிக்குத் தெரியும். பதில் வரவில்லை என்றால் மகள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்.

தீ, புகை போன்ற உயிராபத்து எச்சரிக்கையை மட்டும் இணையத்தை நம்பி வைக்கவே கூடாது. புகையுணரியும் அதிரும் கருவியும் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று நேரடியாகப் பேச வேண்டும். இணையம் கூடுதல் துணையாக இருக்கட்டும்.

யாருடைய விரல்?

இன்னொருவரின் உடம்பைத் தொடும் பட்டனை யார் அழுத்துகிறார் என்பதில் சந்தேகத்துக்கே இடமிருக்கக் கூடாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. பெரிய சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி, மறையாக்கம் செய்த இணைப்பு, ஒவ்வொரு அழைப்பாளருக்கும் தனியாகவும் காலாவதியோடும் கொடுக்கப்படும் அனுமதி ஆகிய மூன்றும் இல்லாமல் இப்படி ஒரு பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்கக் கூடாது.

அடுத்தது தரவு. எப்போது அதிர்ந்தது, எவ்வளவு நேரம், என்ன வலிமையில் என்ற குறிப்புகள் சாதாரணமாகத் தெரியலாம். ஒருவர் எப்போது தூங்குகிறார், எப்போது விழிக்கிறார், எப்போது தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தம்பதியர் அந்தரங்கமாகப் பயன்படுத்தும் தொலைவியக்க அதிர்வுக் கருவிகளை விற்ற கனடாவின் ஸ்டாண்டர்டு இன்னோவேஷன் நிறுவனத்தின் செயலி, கருவியின் வெப்பநிலையையும் அதிர்வு வலிமையையும் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது 2016-இல் ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. பயனாளர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். மறு ஆண்டே நிறுவனம் பல லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. தேவைப்படாத குறிப்பை சேமிக்காமலே இருப்பதுதான் அதைக் காக்கும் ஆகச் சிறந்த வழி. நம் சர்வர் செய்தியைக் கைமாற்றிவிட்டு மறந்துவிடட்டும்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. தரவுக்காக எழுதப்பட்ட அந்த விதி உடம்பைத் தொடும் கருவிக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மகளுக்கும் நண்பருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் தனித்தனி அனுமதி கொடுப்பதும், அதை எந்த நேரமும் ரத்து செய்வதும் அணிந்திருப்பவரின் கையில் இருக்க வேண்டும். ஏன் என்று அவரைக் கேட்கும் உரிமை நிரலுக்குக் கிடையாது.

செய்து முடித்தவர்களுக்கு ஒரு சோதனை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தை மூடிப் பாருங்கள். போனை விமான நிலைக்கு மாற்றுங்கள். ரூட்டரின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். சர்வரை நிறுத்துங்கள். போர்டின் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். ஐந்திலும் அரை நொடிக்குள் மோட்டார் நின்று, இணைப்பு திரும்பிய பின்னும் தானாக எழாமல் இருந்தால் மட்டுமே அந்தப் பட்டையை ஒருவர் கையில் கட்டுங்கள். கட்டும்போது முதலில் அதை அணைப்பது எப்படி என்று அவருக்குக் காட்டுங்கள்.